லாரிகள் ஓடாத நாட்களில் எங்கள் காற்று

எங்கள் வீடு வடசென்னையில் உள்ள திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் இன்ஜினை அணைக்காமல் வரிசைகட்டி நிற்கிற சாலை. மாடியில் காயப்போட்ட வேட்டியை உதறினால் கறுப்புத் தூள் பறக்கும். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்து கொஞ்ச நாளில், அம்மா கொடிக்கயிற்றை ஈரத்துணியால் துடைத்துக் காட்டினார். துணியில் லேசான பழுப்புதான் இருந்தது. அவருக்கு இரவு இருமலும் குறைந்திருந்தது.

அந்த நாட்களில் இந்திய நகரங்களில் வண்டிப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடு சட்டென்று இறங்கியது, செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிந்தது. ஆனால் தரையோரம் மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் வாயு பல இடங்களில் ஏறியது. வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைச் சிதைக்கும். புகை குறைந்ததும் அதைச் சிதைக்க ஆளில்லை. இதை யாரும் அதிகம் பேசவில்லை.

சென்னைக் காற்றே சுத்தமாகிவிட்டது என்று நண்பர்கள் எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. மின் உற்பத்தியும் எண்ணெய் சுத்திகரிப்பும் அத்தியாவசியப் பட்டியலில் இருந்தன. எங்களுக்குப் பக்கத்தில் எண்ணூரிலும் மணலியிலும் இருப்பவை அவைதானே? பெரிதாக அடங்கியது சாலைதான்.

சரி, சாலையையாவது சரிசெய்யலாம். ஊரையே பூட்ட வேண்டியதில்லை. லாரிகள் காத்திருக்கத் தனி இடம் கொடுத்து, நிற்கும்போது இன்ஜினை அணைக்க வைத்தால் போதும், எங்கள் தெருவுக்கே வித்தியாசம் தெரியும். இதைத்தான் எங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேட்கப் போகிறேன்.