6 ஃபிளேர் வண்டியில், 11 ஃபிளேர் டப்பாவில்

சனிக்கிழமை ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பர் விரித்துவிட்டுப் படுத்தேன். ஞாயிறு காலை டார்ச்சோடு குனிந்து பார்த்தால் விரித்தது விரித்தபடி காய்ந்து கிடக்கிறது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. வண்டியின் பிரேக் பைப்புகளை நானே மாற்றியிருக்கிறேன், மூன்று வாரமாக இந்தக் காய்ந்த பேப்பருக்காகத்தான் இத்தனை பாடும். வீட்டில் யாருக்கும் இதன் அருமை தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 1997 மாருதி ஜிப்சி. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்தே பிரேக் ஆயில் மட்டம் வாரத்துக்கு அரை விரற்கடை இறங்கிக்கொண்டிருந்தது. கீழே சொட்டு எதுவும் தெரியவில்லை. சக்கரத்துக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் ஒழுகுகிறதோ என்று பிரேக் டிரம்மைக் கழற்றினேன், உள்ளே சுத்தமாகக் காய்ந்திருந்தது. கடைசியில் பின் ஆக்சில் மேல் ஓடும் பைப்பை ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாகச் சுரண்டினேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அதன் கீழிருந்து ஒரு சொட்டு, வியர்வை அரும்புகிற மாதிரி மெதுவாக வந்து நின்றது.

அரித்திருந்தது சரியாக கிளிப் பிடிக்கும் இடத்தில். கோத்தகிரியில் கடல் காற்று கிடையாது, ஆனால் எஸ்டேட் ரோட்டு மண் இருக்கிறது. அது கிளிப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், மழையும் பனிமூட்டமும் மாறி மாறி அடிப்பதில் அங்கே ஈரம் காய்வதே இல்லை. பைப்பின் மற்ற இடமெல்லாம் பச்சைப் பூச்சு மாறாமல் இருக்க, கிளிப்புக்கு அடியில் மட்டும் பொரித்த அப்பளம்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். சேசிஸ் ஓரமாகப் பின்னால் போகும் நீள பைப்பின் நடுவில், வண்டி என்னிடம் வருவதற்கு முன்பே யாரோ ஒரு சாண் நீளத்துக்கு ஃபிரிட்ஜ் காப்பர் பைப்பை ஒட்டுப் போட்டிருந்தார்கள். காப்பர் துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் அதிர்வு பட்டுப் பட்டு இறுகி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும். பெடலை ஓங்கி மிதித்தால் உள்ளே ஏறும் அழுத்தம் டயர் காற்று மாதிரி 2 பார் இல்லை, அதைப்போல் பல மடங்கு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1800 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அந்த இறக்கத்தை இந்த ஒட்டை நம்பி எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சரி, மூன்று பைப்பையும் மாற்றிவிடுவது என்று முடிவு. நீளமானது ஒன்று, ஆக்சில் மேலே இரண்டு. மொத்தம் 6 முனை, 6 ஃபிளேர். நட் இறுக்கும்போது ஒழுகாமல் உட்கார பைப்பின் வாயை அகட்டி மடிப்பதுதான் ஃபிளேர்.

கழற்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 மில்லி நட்டுக்கு ஓப்பன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும் என்பது தெரிந்ததுதான். வாய் வெட்டிய ரிங் ஸ்பானர் கைவசம் இல்லாததால், அப்பா காலத்து ரிங் ஸ்பானர் ஒன்றை கிரைண்டரில் பைப் நுழையும் அளவுக்கு வெட்டிக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் அதே ஸ்பானரால் என் மண்டையில் ஒன்று போட்டிருப்பார். துரு இளக்கும் ஆயிலை மூன்று நாள் விட்டு விட்டு அடித்ததில் நாலு நட் ஒழுங்காக வந்தன. மற்ற இரண்டுக்கும் பைப்பையே ஆக்ஸா பிளேடால் நட்டை ஒட்டி அறுத்துவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை நேராக மாட்டித் திருகினேன். எப்படியும் தூக்கிப் போடப்போகிற பைப்புக்கு என்ன மரியாதை?

இனி ஃபிளேர். இதை மட்டும் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் என் மூன்று வாரத்தில் இரண்டு வாரத்தை விழுங்கியது இதுதான்.

முதல் தப்பு கடையிலேயே நடந்தது. கோயம்புத்தூரில் ஃபிரிட்ஜ், ஏசி சாமான் விற்கும் கடையில் ஃபிளேரிங் டூல் என்று கேட்டேன், எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது, அது ஒற்றை ஃபிளேர் டூல். காப்பர் பைப்பின் வாயை அகட்டிவிடும், அவ்வளவுதான். பிரேக் பைப்புக்கு வாயை இரண்டாக மடிக்க வேண்டும், புடவைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைக்கிற மாதிரி. ஒற்றை ஃபிளேரை இரும்பு பைப்பில் போட்டால் ஓரம் மெலிந்து வெடித்துவிடும். அந்தக் கடைக்காரர் அதோடு விடவில்லை. “பிரேக்குக்கா சார்? காப்பரே போட்டுருங்க, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது” என்று அறிவுரையும் சொன்னார். என் வண்டியில் ஒட்டுப் போட்ட மகராசனும் அங்கேதான் வாங்கியிருப்பானோ என்னவோ.

ஊருக்குத் திரும்பி, இரட்டை ஃபிளேருக்கான அடாப்டர் வட்டுகளோடு வரும் செட்டை ஆன்லைனில் வரவழைத்தேன். பைப் 4.75 மில்லி, அதாவது அங்குலத்தில் 3/16. கூடவே 10 மில்லி விட்டம், 1 மில்லி மரை இடைவெளி உள்ள நட் ஒரு டஜன். பைப் நம் ஊர் மெக்கானிக்குகள் பண்டி பைப் என்று சொல்லும் அதே இரட்டைச் சுவர் இரும்புதான்.

வேலை என்னவோ கேட்க எளிது. பைப்பை டூலோடு வரும் கவ்வுகட்டையில் இறுக்கு. அடாப்டர் வட்டின் விளிம்பு என்ன உயரமோ அந்த அளவு பைப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வட்டின் முள்ளை வாய்க்குள் விட்டு அழுத்து, வாய் காளான் மொட்டு மாதிரி உள்ளே சுருளும். வட்டை எடுத்துவிட்டுக் கூம்பை நேராக இறக்கு, சுருண்டது உள்ளே மடிந்து 45 டிகிரியில் உட்காரும். முடிந்தது.

என் முதல் ஃபிளேர் ஒரு பக்கம் சாய்ந்து, வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருந்தது. இரண்டாவது, பைப் கட்டைக்குள் வழுக்கி இறங்கிவிட்டது. மூன்றாவதும் அப்படியே. நாலாவது, மடிப்பின் ஓரத்தில் மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தை ஓட்டினால் தட்டியது. எட்டாவது வரைக்கும் டூல் மட்டம் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். மட்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தப்பு முழுக்க அதன் மேல் இல்லை.

சாய்வுக்குக் காரணம் வெட்டு. டியூப் கட்டரை அவசரமாக இறுக்கிச் சுற்றினால் பிளேடு திருகு மாதிரி ஓடி, வெட்டு கோணலாகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கால் திருகு மட்டும் இறுக்கி, பத்துப் பன்னிரண்டு சுற்றில் பொறுமையாக அறுக்க வேண்டும். அப்புறம் அரத்தால் முகத்தைச் சமன் செய்து, ஸ்பானரின் தட்டைப் பக்கத்தை வைத்து நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள் பிசிறை டிரில் பிட்டைக் கையால் திருகி எடுத்தேன். விரிசலுக்குக் காரணம் அந்தப் பிசிறுதான். மடியும்போது அது இருக்கிற இடத்தில் கிழிகிறது.

வழுக்கலுக்குக் காரணம் பச்சைப் பூச்சு. கட்டையின் பற்கள் பூச்சைத்தான் பிடிக்கின்றன, இரும்பை அல்ல. பிடிக்கும் இடத்தில் மட்டும் இரண்டு சென்டிமீட்டருக்கு உப்புத்தாள் போட்டுப் பூச்சை எடுத்துவிட்டேன். பிறகு, பைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் விங் நட்டை முதலில் இறுக்கணும். தூரத்தில் இருப்பது அப்புறம். நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். தூரத்து நட்டை முதலில் இறுக்கினால் கட்டை அந்தப் பக்கம் மூடிக்கொண்டு, பைப் பக்கம் ஒரு தாள் கனத்துக்கு வாய் திறந்தே இருக்கும். கையால் இறுக்கினதும் போதாது. கட்டையை வைஸில் கவ்வக் கொடுத்து, விங் நட்டின் காதுகளுக்கு நடுவில் ஸ்பானரை நுழைத்து ஒரு அரைத் திருகு. வட்டின் முள்ளிலும் கூம்பிலும் ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவல். இஞ்சின் ஆயிலைத் தடவாதீர்கள். அது உள்ளே போனால் சிலிண்டர் ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

இத்தனையும் செய்த பிறகு வந்த ஃபிளேரைப் பார்த்து நானே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். சுற்றிலும் ஒரே அகலம், உள்ளே கண்ணாடி வழவழப்பு. அடுத்த முனையும் அதே அழகு. இரண்டு பக்கமும் போட்டாயிற்று, ஆக்சில் பைப் தயார் என்று கையில் எடுத்து மாட்டப் போனால், இரண்டாவது பக்கத்தில் நட் இல்லை.

ஃபிளேர் போடும் முன் நட்டைக் கோர்க்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பழியைக் காட்டெருமை மேல்தான் போட வேண்டும். ஆறு மணி வாக்கில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, ஷெட்டுக்குப் பத்தடி தள்ளி எங்கள் வீட்டுப் புல்லை நிதானமாக மேய்ந்துகொண்டு நின்றது. நான் வைஸ் பக்கம் ஒடுங்கிக்கொண்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, அது மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். அது போனதும், விட்ட இடத்திலிருந்து தொடர்வதாக நினைத்துக்கொண்டு நட்டைத் தாண்டி நேரே கூம்புக்குப் போயிருக்கிறேன். அதுதான் டப்பாவில் கிடக்கும் பதினொன்றாவது. பார்க்க அதுவே எல்லாவற்றிலும் அழகானது. அதை வெட்டிவிட்டு, நட்டைக் கோர்த்து, மறுபடி போட்டேன். பைப் ஒரு சென்டிமீட்டர் குறைந்துபோனதை வளைவில் சமாளித்தேன்.

வளைப்பதில் பெரிய வித்தை இல்லை. பழைய பைப் ஓடின வழியில் கட்டுக் கம்பியை வளைத்து அச்சு எடுத்துக்கொண்டு, பைப்பை டார்ச் செல் மேல் வைத்துக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் நசுங்காமல் வருகிறது. கிளிப் வருகிற இடங்களில் மண் தங்காமல் இருக்க சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன். அதுவும் தண்ணீரைப் பிடித்துவைக்குமோ என்று இப்போது ஒரு சந்தேகம். அடுத்த மழைக்கு அவிழ்த்துப் பார்க்கணும்.

ஏர் எடுக்க, அதாவது பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்ற, ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தேடினேன். நீலகிரியில் அதற்கு எங்கே போவது? தடை போட்டு வருஷங்கள் ஆகின்றன. தைலம் வந்த கண்ணாடி பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மீன் தொட்டி டியூபை அதற்குள் விட்டேன். ஷெட் முழுக்க யூகலிப்டஸ் வாசம். தைலம் சொட்டுக்கூட பிரேக்குக்குள் போகக் கூடாது என்பதால், உள்ளே இழுக்காமல் ஒவ்வொரு தடவையும் பெடல் மேலே வருவதற்குள், ஆயில் வெளியே வரும் நிப்பிளை மூடுவதில் குறியாக இருந்தேன்.

பெடல் மிதிக்க வீட்டம்மா. “மிதி... பிடி... விடு.” முதல் பத்து நிமிஷம் சிரித்துக்கொண்டே மிதித்தாள். அப்புறம், “ஏங்க, இன்னும் எத்தனைங்க? கால் மரத்துப் போச்சு.” பெடலுக்கு அடியில் மரக்கட்டை ஒன்று வைத்திருந்தேன். பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பழையது; பெடலைத் தரை வரைக்கும் மிதித்தால், அதன் ரப்பர் சீல் அதுவரை போகாத துருப்பிடித்த பகுதிக்குப் போய்க் கிழியும். அதையும் சேர்த்து மாற்றக் காசு இல்லை. புது டாட் 4 தரப் பிரேக் ஆயில் அரை லிட்டர் தீர்ந்தபோது குமிழ் நின்றது, பெடல் கல் மாதிரி ஆனது. மீதி ஆயிலை எடுத்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். திறந்த டப்பா நம் பனிமூட்டத்தில் ஈரத்தைக் குடித்துவிடும். புதிதில் 230 டிகிரியில் கொதிப்பது, 3.7 சதவீதம் தண்ணீர் ஏறினால் 155-இலேயே கொதிக்க ஆரம்பிக்கும். மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

முதல் இரவு பேப்பரில் ஒரு பொட்டு இருந்தது. பைப் இரண்டாகப் பிரியும் டீ ஜாயின்ட் பக்கத்து நட். அதை இளக்கி, இறுக்கி, மறுபடி இளக்கி, இறுக்கி, மூன்றாம் தடவை இறுக்கினதும் ஃபிளேர் உட்கார வேண்டிய இடத்தில் படிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் காய்ந்த பேப்பர். சமதளத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்றால் கோத்தகிரியில் சமதளத்துக்கு எங்கே போவது? வீட்டு வாசலிலேயே முன்னும் பின்னும் இருபது தடவை, அப்புறம் கட்டபெட்டு வரைக்கும் முதல் கியரில் ஒரு நடை. கை பிரேக் மேல் கையை வைத்தபடியே போனேன்.

முன்பக்கம் இன்னும் பழைய பைப்தான். அதற்கு இரும்பு வேண்டாம், செம்பும் நிக்கலும் கலந்த குனிஃபர் பைப் போடலாம் என்று ஆசை. 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல். துருப்பிடிக்காது, ஃபிளேர் வெண்ணெய் மாதிரி மடியும் என்கிறார்கள். 25 அடிச் சுருளாக வருகிறது, விலைதான் கண்ணைக் கட்டுகிறது. பாதிச் சுருளை யாராவது பங்கு எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்த வாரமே ஆர்டர் போட்டுவிடுவேன். அதுவரைக்கும் மேட்டுப்பாளையத்துக்கு பஸ்தான்.