வெயிலுக்கு இறங்கி, வெள்ளத்துக்கு ஏறி

கோடை முடியும் தறுவாயில் அந்த நீர்த்தேக்கத்துக்குப் போனபோது, பெரிய மீன்கள் ஆழத்தில்தான் கிடக்கும் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அணைச்சுவரை ஒட்டிய ஆழமான பகுதிக்குப் படகை விடச் சொன்னேன். படகோட்டிப் பெரியவர் மறுக்கவில்லை. ஆனால் தம்முடைய தூண்டிலை எடுக்கவும் இல்லை. முற்பகல் முழுவதும் தக்கை அசையாமல் கிடந்த பிறகு, "அடியில் இருப்பது செத்த தண்ணீர், தம்பி" என்றார்.

நீளமான கம்பியுடைய வெப்பமானி ஒன்று என்னிடம் இருந்தது. இறக்கிப் பார்த்தேன். மேற்பரப்பில் 30 டிகிரி செல்சியஸ்; ஐந்து மீட்டர் வரை பெரிய மாற்றமில்லை; எட்டு மீட்டருக்குள் சட்டென்று 25. சூடேறிய நீர் எடை குறைந்து மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடுவதால், பலத்த காற்றில்லாத காலத்தில் இரண்டும் கலப்பதில்லை. அடியில் மட்கும் இலைதழைகள் ஆக்சிஜனைத் தீர்த்துக்கொண்டே இருக்க, அதை ஈடுசெய்ய மேலிருந்து எதுவும் வருவதில்லை. லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் பெரும்பாலான மீன்கள் சௌகரியமாக இருக்கும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலும் அங்கே தங்கா. மேலே வெயில், கீழே மூச்சுத்திணறல் என்றானபின், அவ்வளவு ஆழமான நீரிலும் அவற்றுக்கு மிஞ்சுவது இடையிலுள்ள ஒரு மெல்லிய அடுக்குதான். முள்ளை ஐந்து மீட்டரில் நிறுத்திய பிறகே தக்கை முதன்முறையாக அமிழ்ந்தது.

மூன்றாம் நாள் மேல்பகுதியில் பெய்த மழையால் ஆற்றில் புதுவெள்ளம் வந்தது. முதல் நாள் இரண்டு மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்த வெள்ளைத் தட்டு, இப்போது ஒரு முழத்துக்குள் மறைந்தது. (நீரின் தெளிவை இப்படித் தட்டை இறக்கி அளக்கும் முறையை 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் சோதித்தார், இன்றும் இதைவிட எளிய கருவி இல்லை.) கலங்கல் நீரில் மீன் பிடிபடாது என்று நான் சலித்துக்கொண்டது அவசரப்புத்தி. குளிர்ந்த, வண்டல் சுமந்த வெள்ளம் கனமானதாகையால் தெளிந்த நீருக்கு அடியில் நழுவிச் சென்றது; அது மூழ்கும் இடத்தில் நுரையும் சுள்ளிகளும் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தன. பார்வையை நம்பி வேட்டையாடும் மீன்கள் அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில் காத்திருக்க, மீசையால் தடவி இரைதேடும் கெளுத்திகள் கலங்கலுக்குள்ளேயே சிக்கின. கெண்டைகளோ நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, புதிதாய் மூழ்கிய புல்மேட்டில் முட்டையிட மாலை முழுவதும் துள்ளிக்கொண்டிருந்தன.

இரவோடு வெள்ளம் வடிந்தது. விடிவதற்குள் மதகையும் திறந்துவிட்டார்கள். காலையில் நீர்மட்டம் ஒரு முழம் இறங்கியிருந்தது. கெண்டைகள் துள்ளிய புல்மேடு வெளியே தெரிய, புல்லிதழ்களில் ஒட்டிய முட்டைகள் வெயிலில் காயத் தொடங்கியிருந்தன. கரையோரத்தில் ஒரு குஞ்சுமீன்கூட இல்லை. பெரியவர் படகைப் பழைய ஆற்றுப்படுகையின் விளிம்புக்குத் திருப்பினார். எங்கே போகவேண்டும் என்று இம்முறை நான் சொல்லவில்லை.