சாகே தேர்வு: ஊர்வாரிச் சுவையை எப்படிப் படிப்பது

சாகே என்பது அரிசியை நொதிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மது. மதுக் கல்வி நிறுவனமான டபிள்யூஎஸ்இடி நடத்தும் மூன்றாம் நிலை சாகே தேர்வுக்குப் படிப்பவர்கள் பலரும் 'நீகாட்டா என்றால் லேசு, இனிப்பு கம்மி. ஃபுஷிமி என்றால் மென்மை' என்று ஜப்பானிய ஊர்களுக்கு ஒரு பட்டியல் போட்டு உருப்போடுகிறார்கள். எழுத்துத் தாளுக்கு அது ஓரளவு உதவும், ஆனால் பெயரை மறைத்து இரண்டு சாகேயை முன்னால் வைத்துவிட்டால் அந்தப் பட்டியல் கைகொடுக்காது. ஏன் அப்படிச் சுவைக்கிறது என்று காரணத்தோடு படியுங்கள், தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

கோபே பக்கம் நாடா பகுதிக்குப் பேர் வாங்கித் தந்தது மியாமிசு என்ற கிணற்று நீர். பொட்டாசியம், பாஸ்பரஸ் நிறைய, இரும்பு மிகக் குறைவு. ஈஸ்டுக்கு அது நல்ல தீனி என்பதால் நொதித்தல் விறுவிறுவென்று நடக்கும், சாகேயும் இறுக்கமாக, இனிப்புக் குறைந்து வரும். கியோட்டோவின் ஃபுஷிமியில் தண்ணீர் அதைவிட மென்மை, நொதிப்பது நிதானம், நாக்கில் வழுவழுப்பு. ஹிரோஷிமா தண்ணீரில் கனிமம் இன்னும் குறைவு, நாடா முறை அங்கே எடுபடவில்லை. மியுரா சென்சாபுரோ என்பவர் கோஜியை (அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பூஞ்சை) நன்றாக வளர்த்து, குளிரில் மெதுவாக நொதிக்கவிடும் முறையை உருவாக்கி 1898ல் வெளியிட்டார்; 1907ல் நடந்த முதல் தேசியப் போட்டியில் ஹிரோஷிமா சாகேக்கள் முன்னணி இடங்களைப் பிடித்தன. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான்.

அரிசியும் அப்படித்தான். நீகாட்டாவின் கோஹ்யாக்குமான்கோக்கு என்ற அரிசி, நொதிக்கும் கூழில் அவ்வளவாகக் கரையாது, அதனால் சாகே லேசாக இருக்கும். ஆனால் ஹியோகோவில் விளையும் யமதா நிஷிக்கி அரிசியை நாடெங்கும் வாங்குகிறார்கள், ஆக, சுவையை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

சரி, பயிற்சி. எப்போதும் ஜோடியாகச் சுவையுங்கள். நீகாட்டாவின் ஹோன்ஜோசோ (கொஞ்சம் மதுசாரம் சேர்த்த சாகே) ஒன்று, இஷிகாவாவின் யமஹாய் ஜுன்மாய் (மதுசாரம் சேர்க்காமல், பழைய யமஹாய் முறையில் செய்தது) ஒன்று, இரண்டும் ஒரே அளவு, ஒரே குளிர்ச்சி. அடியில் இரண்டு நீல வளையம் போட்ட வெள்ளைக் கிண்ணம் கிடைத்தால் நல்லது: வெள்ளையில் நிறம் தெரியும், நீலத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா என்பதில் தெளிவு தெரியும். யமஹாயில் லேசான மஞ்சள், தயிர் மாதிரி ஒரு வாசனை, நாக்கின் ஓரத்தில் புளிப்பு. லாக்டிக் அமிலத்தை வெளியிலிருந்து சேர்க்காமல் தாய்க்கூழில் (நொதித்தலைத் தொடங்கிவைக்கும் ஈஸ்டுக் கூழ்) பாக்டீரியாவே உண்டாக்குவதால் வருவது அது. அப்புறம் அதையே 40 டிகிரிக்குச் சூடாக்கிப் பாருங்கள், புளிப்பு தணிந்து உமாமி (காளான், சூப்பில் வரும் நிறைவான சுவை) மேலே வரும். இதை ஒருமுறை நாக்கில் உணர்ந்தவர்களுக்கு யமஹாய் மறக்காது.

அரிசியை அதிகம் தீட்டிச் செய்யும் கின்ஜோ வகைகளில் ஆப்பிள், சோம்பு வாசனை ஒரு பக்கம், வாழைப்பழம் மறுபக்கம். இரண்டும் வெவ்வேறு எஸ்டர்கள் (மணம் தரும் சேர்மங்கள்), பெரும்பாலும் ஈஸ்டைப் பொறுத்தவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தால்தான் பிரித்தறியும் பழக்கம் வரும்.

தேர்வில் வகையை முதலில் ஊகித்துவிட்டு அதற்கேற்ற குறிப்பு எழுதாதீர்கள். தோற்றம், மணம், சுவை என்று வரிசையாக எழுதுங்கள், துப்பிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பொறுத்துப் பாருங்கள், தரத்தைப் பற்றி எழுதும்போது காரணம் சொல்லுங்கள். ஜப்பான் போகிறவர்கள் நீகாட்டா ரயில் நிலையத்தில் பொன்ஷுகான் என்ற சாகே சுவைக்கும் கூடத்துக்குப் போய்விடுங்கள், அந்த மாநிலத்துச் சாகேக்களைச் சின்னக் கிண்ணத்தில் அடுத்தடுத்துச் சுவைக்கலாம். நடுநடுவே தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.