கிஸ்தின்னா என்ன தாத்தா?

ஜனவரி 8, வியாழன், அல்சூர், பெங்களூரு

அடுக்ககத்துப் பொங்கல் விழாவில் பேத்தி கட்டபொம்மன் வசனம் பேசப் போகிறாளாம். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் சரளமாகப் பேசுவாள், படிக்கத்தான் வராது. நான் சொல்லச் சொல்லக் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டாள். முதல் ழகரத்தில் பேனா நின்றுவிட்டது. இன்றைய கன்னடத்தில் அந்த எழுத்து இல்லை. ள போட்டுக் கீழே ஒரு கோடு இழுத்தாள். கோடு இருந்தால் நாக்கை மடக்க வேண்டும் என்பது அவளே வகுத்த விதி.

"கிஸ்தின்னா என்ன தாத்தா?"

"நிலவரியைத் தவணை தவணையாகக் கட்டுவது."

"ஓ, ஈ.எம்.ஐ."

சரி, அப்படியும் சொல்லலாம்.

ஜனவரி 10, சனி

இதையெல்லாம் சிவாஜியே எழுதினார் என்று நினைத்திருக்கிறாள். இவளை மட்டும் சொல்வானேன், என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு அதை எழுதிய சக்தி கிருஷ்ணசாமியின் பெயர் நினைவில் இல்லை. 1957இல் சிவாஜி நாடக மன்றம் சேலத்தில் அரங்கேற்றிய நாடகம் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. 1959இல் படமானது. 'கர்ண'னுக்கும் அவர்தான் வசனம். 'கர்ணன்' வந்த அடுத்த வருஷமே எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை'. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் எழுதியது என்று நம்ப முடியாது.

கட்டபொம்மனை இயக்கிய பந்துலு, குப்பி வீரண்ணா நாடக கம்பெனியில் நடித்தவர். 1961இல் கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா' எடுத்தார். அதைச் சொன்னதும்தான் பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெள்ளைக்காரனை எதிர்த்த அந்தக் கித்தூர் ராணியை அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 13, செவ்வாய்

ஒத்திகை. பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. நாலைந்து தரம் கேட்ட பிறகுதான் எனக்கே பிடிபட்டது: இரண்டு கேள்விகளைச் சேர்த்துப் பேசிவிடுகிறாள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு மூச்சு. நாற்று, களை, மஞ்சள் என்று வயலிலிருந்து வீட்டுக்குள் வரை போகிற சின்னச் சின்னக் கேள்விகள், எல்லாம் ஒரே ஓசையில் முடிகின்றன. அந்த ஓசையில்தான் நடிகன் மூச்சிழுத்துக்கொள்வான். மேடைக்கு எழுதிப் பழகிய கை. காமிரா முகத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகும் கடைசி பெஞ்சுக்காரனை அவர் மறக்கவில்லை. சிவப்புப் பென்சிலால் நிறுத்தங்களைக் குறித்துக் கொடுத்தேன்.

1798இல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது நிஜம், அது கைகலப்பில் முடிந்ததும் நிஜம். பேச்சு மட்டும் நாடக ஆசிரியருடையது. ஆனால் சின்ன வயதில் எங்கள் ஸ்ரீராமபுரத்தில் யாரிடம் இதைச் சொல்லியிருக்க முடியும்? மாரியம்மன் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் அந்த இசைத்தட்டு ஓடினால், அப்பா சோப்பு நுரை காயக் காய, பாதி சவரத்தோடு வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்.

ஜனவரி 18, ஞாயிறு

நடுவில் மறந்துவிட்டாள். ஒரு கணம்தான். பின்வரிசைக் கிழங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தார்கள், நானும்தான். ழகரம் ஒன்றுகூடத் தப்பவில்லை. கோடு போடாத ள இரண்டும் ழ ஆகிவிட்டன, போகட்டும்.

பக்கத்து நாற்காலியில் கன்னடக்கார அஜ்ஜி. யாரை இப்படித் திட்டுகிறாள் என்று கேட்டார். வரி கேட்டு வந்தவனை என்றேன்.

"கந்தாயமா? இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்" என்றார்.