அம்மா வீட்டு சென்சார்கள்: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

நவம்பர் 23, 2025

தனியாக இருக்கும் அம்மாவைக் கவனிக்க ஏதாவது வைக்கலாமென்றால், கேமரா வேண்டவே வேண்டாம் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். "நான் என்ன நகைக்கடையா வச்சிருக்கேன்? சேலை மாத்துறதையும் நீ பெங்களூர்ல இருந்து பாக்கணுமாக்கும்." நியாயம்தான்.

அதனால் சென்சார்கள் மட்டும். படுக்கையறை, அடுப்படி, பாத்ரூம் மூன்றிலும் அசைவு சென்சார். வாசல் கதவுக்கும் பாத்ரூம் கதவுக்கும் காந்தம் வைத்த கதவு சென்சார். அசைவு சென்சார் படம் எடுக்காது; உடம்புச் சூடு நகர்வதை மட்டும் உணரும். இதைச் சொன்னதும், "அப்ப பூனை வந்தாலும் நான்னு நினைச்சுக்குமோ?" என்று கேட்டாள். எண்பது வயதில் இந்தக் கேள்வி! மாட்ட வந்த பையனுக்கே இது தோன்றவில்லை.

எல்லாம் ஜிக்பீ வகை, அதாவது குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறை. வைஃபை சென்சார் என்றால் பேட்டரியைக் குடித்துவிடும். இதில் ஒரு பட்டன் பேட்டரியே மாதக்கணக்கில் ஓடும். காலை ஏழு மணி வரை அடுப்படியில் அசைவே இல்லையென்றால் எனக்கும் எதிர்வீட்டு மதினிக்கும் செய்தி வரும்.

நவம்பர் 24

நீர் மாத்திரை சாப்பிடுவதால் அம்மா இரவில் எழுந்தாக வேண்டும். இப்படி இருட்டில் எழுந்து நடக்கும்போது தடுக்கி விழுந்துவிடுவாளோ என்று எனக்கு எப்போதும் பயம். கட்டிலுக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை ஒட்டினோம். கால் தரையில் பட்டதும் மங்கலாக எரியும். பாத்ரூம் விளக்கும் கூடவே எரியும். கண் கூசாது, சுவிட்சைத் தடவ வேண்டாம். இந்த வேலையை வீட்டிலுள்ள ஹப்பே (சென்சார்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) பார்த்துக்கொள்வதால் இண்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடும்.

"இது எனக்கு. மத்ததெல்லாம் உனக்கு" என்றாள் அம்மா.

பாத்ரூமில் உதவிப் பொத்தானை எலெக்ட்ரீஷியன் சுவிட்ச்போர்டு உயரத்தில் வைக்கப் பார்த்தார். விழுந்து கிடப்பவருக்கு அங்கே கை எட்டுமா? தரையிலிருந்து ஒரு அடியில் வைக்கச் சொன்னேன். பேசும் ஸ்பீக்கரும் ஒன்று இருக்கிறது. ஆனால் நான் வாங்கியதற்குத் தமிழ் வராது. இடுப்பு ஒடிந்த வலியில் யாருக்கு இங்கிலீஷ் வரும்? அதில் பாட்டு கேட்கட்டும்.

டிசம்பர் 3

திருக்கார்த்திகை. சாயங்காலம் அங்கே கரன்ட் போய், என் போனில் எல்லா சென்சாரும் 'ஆஃப்லைன்'. சென்சாருக்குப் பேட்டரி உண்டு, வீட்டுக்கு இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் மோடம் சொருகியிருக்கும் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. மோடம், ஹப் இரண்டையும் அந்த லைனுக்கு மாற்ற ஆள் சொல்லியாயிற்று. அம்மா வாசலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாளாம்.

டிசம்பர் 9

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எக்கா, நான் எத்தன மணிக்கு வாரேன், போறேன்னும் இதுல விழுமா?"

விழும். வாசல் கதவு திறந்த நேரம் அத்தனையும் பதிவாகும். அம்மாவிடம் கேட்ட சம்மதத்தை இவளிடம் யாரும் கேட்கவில்லை. குளிப்பாட்டி, பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, அம்மாவின் முகம் வாடியிருப்பதை எனக்குச் சொல்கிறவள் இவள்தான். எந்த சென்சார் அதைச் சொல்லும்? அவள் இருக்கும் பகல் நேரத்தில் வாசல் பதிவை நிறுத்திவிட்டேன். என் தம்பிக்கு இதில் உடன்பாடில்லை. அவன் வந்து ஒரு வாரம் அம்மாவோடு இருந்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

டிசம்பர் 16

விடியற்காலை 4:40. 'வழக்கமில்லாத நேரத்தில் வாசல் திறந்தது.' பதறிப்போய் போன் அடித்தால், "மார்கழி பிறந்தது உன் மெஷினுக்குத் தெரியாதா? கோலம் போட வேண்டாமா?" என்கிறாள். இத்தனை வாரப் பழக்கத்தை வைத்து அது கணக்குப் போடுகிறது, பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. தை பிறக்கும் வரை விடியற்காலையில் அந்த எச்சரிக்கையை நிறுத்திவைத்தேன்.

டிசம்பர் 20

பாத்ரூம் கதவு மூடி இருபத்தைந்து நிமிடம், உள்ளே அசைவில்லை. மதினி ஓடினார். அம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறாள், மலச்சிக்கல். அசையாமல் உட்கார்ந்தால் அந்த சென்சாருக்கு ஆளே இல்லை என்றுதான் அர்த்தம். "இதையுமா தெருவுக்குச் சொல்லுவீங்க?" என்று ஒரே சத்தம். இனி முதலில் அம்மாவுக்கே மணி அடிக்கும். இரண்டு நிமிடத்துக்குள் மணியை நிறுத்தும் பொத்தானை அமுக்கினால் அதோடு சரி. இல்லையென்றால்தான் எனக்கும் மதினிக்கும்.

மதினி சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பகல் என்பதால் வாசல் சும்மா சாத்தியிருந்தது. ராத்திரி அம்மா மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள் இரண்டையும் போடுகிறாள். செய்தி வந்தாலும், 108 வண்டியே வந்தாலும், உள்ளே எப்படிப் போவது? திங்கட்கிழமை ஆசாரி வருகிறார். தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டு. பாத்ரூம் கதவையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லியிருக்கிறேன். கதவை அடைத்து ஆள் விழுந்தால் உள்ளே தள்ளித் திறக்க முடியாது. மாற்றுச் சாவி மதினியிடம் இருக்கும். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.