டிக்கியில் இருந்த ஆறு பெட்டி

என் காரை இடித்தது குட்டியானை என்கிற மினி லாரி. பெருந்துறை ரோட்டில் ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு இன்ஜினியரைப் பார்க்க மாடிக்குப் போயிருந்தேன். ரிவர்ஸ் எடுத்தவர் பின் பம்பரையும் இடது டெயில் லேம்பையும் நசுக்கிவிட்டு, பின் கதவில் முழ நீளத்துக்கு ஒரு கோடும் போட்டுவிட்டுப் போயிருந்தார். நம்பரைப் பார்த்தவர் யாரும் இல்லை.

போனில் கிளெய்ம் நம்பர் வாங்கியது, வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டது எல்லாம் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' இன்ஷூரன்ஸ் போட்டிருந்ததால் எனக்குக் கொஞ்சம் தெனாவெட்டும் இருந்தது. அது இறங்கியது மறுநாள்.

நான் டைல்ஸ் கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடித்துக் கொடுப்பவன். டிக்கியில் எப்போதும் சாம்பிள் பெட்டி கிடக்கும். அன்றைக்கு ஆறு. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் டிக்கியைத் திறந்தார், பெட்டிகளைப் போட்டோ எடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லி முடித்திருப்பேன். கூடவே ஏஜென்ட் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். நான் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த கிளெய்ம் பாரத்தில், 'விபத்தின்போது வண்டி எதற்குப் பயன்பட்டது' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தார். "சும்மா ஃபார்மாலிட்டிதானுங்க, ஒண்ணும் ஆகாது" என்றவரும் அவர்தான்.

நாலாம் நாள் மெயில் வந்தது. தனியார் பயன்பாட்டுக்கான பாலிசியில் வண்டியை வியாபாரத்துக்கு ஓட்டியிருக்கிறீர்கள், பயன்பாட்டு வரம்பை மீறியதாகத் தெரிகிறது, ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும். ஏஜென்டைக் கூப்பிட்டால் ரிங் போய்க்கொண்டே இருக்கிறது.

கிளைக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் மெயிலைப் படிக்காமலே, "ஜி.எஸ்.டி. நம்பர் இருக்குதுங்களா? அப்ப கமர்ஷியல்தான்" என்றார். வண்டி என் பேரில், வெள்ளை போர்டு, வாடகைக்கு விட்டதே இல்லை என்றேன். கிளெய்ம் விஷயமெல்லாம் இங்கே பார்ப்பதில்லை, மெயிலிலேயே பதில் போடுங்கள் என்றார். அரை நாள் போனது அதைக் கேட்பதற்குத்தான்.

அன்று ராத்திரிதான் பாலிசியை முழுசாகத் திறந்தேன். எல்லோரையும் போல நானும் அதுவரை பிரீமியம் தொகையையும் முடியும் தேதியையும் மட்டும்தான் பார்த்திருந்தேன். பயன்பாட்டு வரம்பு எறும்பு எழுத்தில் நாலே வரி. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக்கூடாது, சரக்கு ஏற்றக்கூடாது, பந்தயம், வேகச் சோதனை கூடாது, மோட்டார் தொழில் சம்பந்தமாக ஓட்டக்கூடாது. சரக்கு என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கு: சாம்பிளும் சொந்த லக்கேஜும் தவிர. நாலு தடவை படித்தேன். வியாபார விஷயமாக ஆளைப் பார்க்கப் போகக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை.

பதில் மெயில் அரைப் பக்கம்தான். அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டேன். பெட்டிமேல் 'விற்பனைக்கு அல்ல' என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் போட்டோ, சாம்பிள் அனுப்பியதற்குக் கம்பெனி தந்த டெலிவரி சலான், பாரத்தில் 'வியாபாரம்' என்று எழுதியது நான் அல்ல, ஏஜென்ட் என்று ஒரு வரி. கடைசியில், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், சென்னையில் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் எடுத்துப் போகிறேன் என்றும் சேர்த்தேன். அங்கே மனுப் போடக் கட்டணம் கிடையாது. ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும், அவர்கள் மறுக்க வேண்டும் அல்லது ஒரு மாதம் பதில் இல்லாமல் போக வேண்டும். நண்பன் வழியாகத் தெரிந்த வக்கீல் இன்னொன்றும் சொன்னார். நிஜமாகவே பயன்பாட்டு வரம்பை மீறியிருந்தாலும், முழுசாகக் கைவிரிக்காமல் 75 சதவீதம் வரை தரும் வழி உண்டு. 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சுட்டிக்காட்டியிருக்கிறது என்றார். அதை மெயிலில் எழுதவில்லை. எழுதினால் மீறியதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

மூன்றாம் நாள் ஒப்புதல் வந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, ஒரு வரிதான்.

ஒர்க்‌ஷாப்காரர், "முன்னாடி பம்பர் கீறலையும் இதிலயே சேர்த்திரலாமுங்க" என்று ஆசை காட்டியிருந்தார். சர்வேயர் அந்தக் கீறலைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலில் ஒட்டிய கறுப்பு மண்ணைத் திருப்பி எனக்கே காட்டினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றால் அது ரெண்டு விபத்து, ரெண்டு கிளெய்ம், நம் கையிலிருந்து கட்டும் பிடித்தமும் ரெண்டு தடவை. அந்த ஆசையை அங்கேயே விட்டேன்.

பில் 22,340 ரூபாய். என் கையிலிருந்து போனது 1,340. அதில் 1,000 கட்டாயப் பிடித்தம், 1500 சி.சி. வரை அவ்வளவு, அதற்கு மேலே 2,000. பம்பர் டு பம்பர் இருந்தாலும் இது போகாது. மிச்சம் 340, கிளிப்புக்கும் ஸ்க்ரூவுக்கும். இந்த மாதிரிச் சில்லறைச் சாமானுக்கான கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் (கூடுதல் கவர்) நான் எடுக்கவில்லை. பம்பர் டு பம்பர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், பம்பர் 5,800-இல் பாதி, லேம்ப் 4,200-இல் பாதி போயிருக்கும், பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் 50 சதவீதம். பெயின்ட் 9,600-இல் கால்வாசியை மெட்டீரியல் என்று எடுத்து அதிலும் பாதி வெட்டுவார்கள். மொத்தம் 6,200 கூடுதலாகக் கட்டியிருப்பேன்.

ஆனால் கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், போச்சு. 35 சதவீதத்தில் இருந்தேன், அடுத்து 45 ஆகியிருக்கும், இப்போது பூஜ்யம். சொந்த சேதப் பிரீமியம் எனக்குச் சுமார் 8,000, அதில் 45 சதவீதம் என்றால் 3,600. பம்பரில் மூவாயிரம் ரூபாய்க் கீறல் என்றால் கிளெய்ம் பக்கமே போகாதீர்கள், கைக்காசில் அடித்துக்கொள்வது லாபம். போனஸைக் காக்கிற ஆட்-ஆனும் உண்டு. சின்னச் சின்னதாக இடி வாங்கும் ஊர் வண்டிக்கு அதையும் விலை கேட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இடி விழுவதற்கு முந்தின வாரம் ஒரு கஸ்டமர் வீட்டுக்கு நாலு மூட்டை டைல் அட்ஹெசிவ் இதே டிக்கியில் கொண்டுபோய் இறக்கியிருந்தேன், பில்லோடு. அது சாம்பிள் இல்லை, சரக்கு. அன்றைக்கு அந்தக் குட்டியானை இடித்திருந்தால் இந்த வீராப்பு மெயிலை எழுதியிருக்க முடியாது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வண்டியைக் கொடுத்து டீசலுக்கு மேலே கொஞ்சம் வாங்கிக்கொள்வதும் வாடகைக் கணக்கில்தான் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாரத்தை நானே எழுதுகிறேன். பாலிசியின் அந்தப் பக்கம் டேஷ்போர்டில் மடித்து இருக்கிறது. மூட்டைகள் வாடகைக் குட்டியானையில் போகின்றன, ஒரு நடைக்கு 400 ரூபாய். ஒவ்வொரு தடவை எடுத்துக் கொடுக்கும்போதும் வலிக்கத்தான் செய்கிறது.