வாசலிலிருந்து தெருமுனை வரை

வட சென்னையில் ஒரு தெருவில் எத்தனை முறை சாலை போட்டிருக்கிறார்கள் என்பதை அறிய, அங்குள்ள வீடுகளின் வாசற்படிகளைப் பார்த்தாலே போதும். பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என எந்தப் பக்கம் போனாலும், ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையான வீடுகளுக்குள் நுழையத் தெருவிலிருந்து கீழே இறங்க வேண்டியிருக்கும். அண்மையில் கட்டிய வீடுகளுக்கோ மூன்று நான்கு படி மேலே ஏற வேண்டியிருக்கும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மீதே புதிய சாலையைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது. 2015 வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த தண்ணீரையும் வீட்டுக்குள் முழங்கால் அளவு பார்த்தவர்கள், புதிதாகக் கட்டும்போது தரைமட்டத்தைத் தெருவுக்கும் மேலே தூக்கி வைத்தார்கள். அதில் தவறு காண முடியாது. ஆனால் தெருவும் வீடும் மாறி மாறி உயர்ந்துகொண்டே போன இந்தப் போட்டியில், படி ஏற முடியாதவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

என் அக்காவுக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. காலைத் தாங்கிப்பிடிக்கும் காலிப்பரும் ஊன்றுகோலுமாகப் பல ஆண்டுகள் நடந்து வேலைக்குப் போனவர், தோள்வலி முற்றிய பிறகு சக்கர நாற்காலிக்கு மாறினார். எங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே மூன்று படி, ஒன்றரை அடி உயரம். நாற்காலியை இருபுறமும் பிடித்துத் தூக்க வீட்டில் இரண்டு பேர் இருந்தால் அவர் வெளியே போகலாம். இல்லையென்றால் போக முடியாது. "வாசலைத் தாண்டுறதுதான்டா கஷ்டம், அதைத் தாண்டிட்டா அமெரிக்காவுக்கே போயிடலாம்" என்று அவர் சொல்வதில் கிண்டல் பாதிதான்.

ஏனென்றால் வாசலைத் தாண்டிய பிறகு இருக்கும் உலகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறித்தான் வருகிறது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. லிஃப்ட், அகலமான நுழைவாயில், ரயில் பெட்டிக்குள் சக்கர நாற்காலிக்கு இடம் எல்லாம் இருப்பதால், வட சென்னையிலிருந்து விமான நிலையம் வரை யாரும் தூக்கிவிடாமல் ஒருவர் போக முடிகிறது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பக்கவாட்டில் சற்றுத் தாழ்ந்து, சாய்பலகையை வெளியே நீட்டக்கூடிய பேருந்துகள் அவை. ஆனால் அந்தச் சாய்பலகை நடைபாதையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தால்தான் சரிவு மெதுவாக இருக்கும். நிறுத்தத்தில் ஆட்டோக்களும் தள்ளுவண்டிகளும் நிற்க, பேருந்து நடுச்சாலையில் நின்று பலகையைத் தாரில் இறக்கினால், அதே பலகை செங்குத்தாகிவிடுகிறது. பேருந்துக்குச் செலவழித்த பணம் அந்த அரை அடியில் வீணாகிறது. பழைய மின்சார ரயில் பாதையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படிக்கட்டு மட்டுமே உள்ள நடைமேம்பாலம் ஒன்று குறுக்கே நின்றால், நடைமேடையில் என்ன வசதி இருந்தும் பயனில்லை.

சட்டத்திலும் பெரிய குறை இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதுவரை ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்தது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை எல்லாரும் அணுகத்தக்கதாக மாற்ற, விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டுக் கெடு வைத்தது. விதிகள் 2017இல் வந்தன. கெடு 2022இல் முடிந்துபோனது. 2024 நவம்பர் 8 அன்று, பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை குறித்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரணானது என்று கூறி, மீறக்கூடாத கட்டாய விதிகளை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. இவையெல்லாம் தேவையானவை. ஆனால் எங்கள் தெருவில் வடிகால் மூடியின் உயரத்தை நிர்ணயிப்பது, கான்கிரீட் ஊற்றும் அன்று காலையில் அங்கே நிற்கும் மேஸ்திரி. அந்த இடத்துக்குச் சட்டம் தானாக நடந்து வந்துவிடாது.

வீட்டு வாசலில் சாய்தளம் போடலாம் என்று முடிவு செய்தபோதுதான் இது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. எங்கள் பகுதியில் சாய்தளம் இல்லாத வீடே கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எல்லா வீட்டிலும் படிகளுக்கு நடுவே பைக் ஏற்றுவதற்கென்று ஒன்றரைச் சாண் அகலத்தில் சிமென்ட் சரிவு ஒன்று இருக்கும். இடம் இல்லை, பணம் இல்லை, மனம் இல்லை என்ற காரணங்கள் எதுவும் பைக்குக்குப் பொருந்தியதில்லை. ஆனால் அந்தச் சரிவுகள் ஒன்றரை அடி உயரத்தை மூன்றடி நீளத்தில் ஏறுகிறவை. எஞ்சினும் இளைஞனின் புஜமும் சேர்ந்து தள்ளினால்தான் வண்டி மேலே போகும். சக்கர நாற்காலிக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது நாடு முழுவதும் ஏற்கப்பட்ட அளவு. அப்படியானால் எங்கள் வாசலுக்குப் பதினெட்டு அடி.

மேஸ்திரியிடம் இதைச் சொன்னதும் அவர் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "பதினெட்டு அடின்னா அவங்க ஹால்ல போயி முடியும் சார்" என்றார். தெருவின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். சிறிது நேரம் வாசலில் நின்று யோசித்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார்: "ரோட்டுக்கு எதுக்கு சார் எறங்கணும்? காவா மேலயே ஓட்டினு போலாமே."

காவா என்று அவர் சொன்னது மழைநீர் வடிகாலை. அண்மை ஆண்டுகளில் எங்கள் பக்கத்துத் தெருக்கள் பலவற்றில் கான்கிரீட் வடிகால் கட்டி மூடியிருக்கிறார்கள். மூடிய கான்கிரீட் பலகம் வீடுகளை ஒட்டி, சாலையைவிட ஏறத்தாழ ஒரு அடி உயரத்தில், தெருமுனை வரை ஓடுகிறது. எங்கள் வீட்டுத் தரைக்கும் அந்தப் பலகத்துக்கும் வித்தியாசம் அரை அடிதான். அரை அடிக்கு ஆறடிச் சரிவு போதும். அது கேட்டுக்கு உள்ளேயே, சுவரை ஒட்டி அடங்கிவிடும். மிச்சமுள்ள ஒரு அடியைப் பலகத்தின் முனையில், தெரு திரும்பும் இடத்தில், பன்னிரண்டு அடிக்குச் சரித்து இறக்கினால் முடிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே சாய்தளம் போட முடியாத தெருவில், மொத்தத் தெருவுக்கும் பொதுவான சாய்தளம் ஒன்று ஏற்கெனவே பாதி கட்டப்பட்டுக் கிடக்கிறது என்பதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை.

உள்சரிவை அவர் கட்டியதை அருகில் இருந்து பார்த்தேன். டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை உதவியாள் வாசல்நிலையிலும் மறுமுனையை இவர் கேட்டருகிலும் பிடித்து, குமிழி எதுவும் நிற்கிறதா என்று தட்டிப் பார்த்து, சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டார். சக்கரம் விலகிக் கீழே விழாதிருக்க வெளி ஓரத்தில் செங்கல்லைப் பக்கவாட்டில் வரிசையாகப் பதித்தார். மேல்பூச்சை வழவழவென்று இழைக்க அவர் கை துடித்தது. மழையில் வழுக்கும் என்று அக்கா தடுத்ததும், ஈரம் காய்வதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு கோடாக இழுத்துவிட்டார். அடுத்த நாள் அக்கா முதலில் கவனித்தது சரிவை அல்ல, சரிவு முடியும் இடத்தில் கதவைத் திறக்க நாற்காலியைத் திருப்பும் அளவுக்குச் சமதளம் இருக்கிறதா என்பதைத்தான். ஐந்தடிச் சதுரம் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு நாலரை கிடைத்தது, சமாளிக்கிறார்.

வெளியே உள்ள பலகம்தான் கடினமான பகுதி. தூர் வாருவதற்காக வைத்த மூடிகளின் இரும்பு வளையங்கள் மேலே துருத்திக்கொண்டிருக்கின்றன. நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரம் அதில் மாட்டினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்துவிடுவார். ஓரிடத்தில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், அதாவது தெருவோர மின்பெட்டி, பலகத்தின் முக்கால் அகலத்தை அடைத்து நிற்கிறது. சில வீட்டார் பலகத்தின் மேல் படி கட்டியிருக்கிறார்கள், சிலர் தண்ணீர் டிரம் வைத்திருக்கிறார்கள், எல்லாரும் பைக் நிறுத்துகிறார்கள். பேசிப் பார்த்தோம். பக்கத்து வீட்டு ஆயா தன் பேரனை அழைத்து டிரம்மை அன்றே நகர்த்தச் சொன்னார். அவருக்கே முட்டிவலி, சாலையில் இறங்காமல் முனைக்கடைக்குப் போகலாம் என்பது பிடித்துவிட்டது. பைக்காரர்களிடம் அவ்வளவு எளிதாக இல்லை. எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது என்பதால், நாற்காலி போகத் தேவையான மூன்றடி மட்டும் விடுங்கள் என்று கேட்டோம். பெரும்பாலான நாட்களில் விடுகிறார்கள்.

அடுத்த தெருவில் வடிகால் வேலை நடந்தபோது ஒப்பந்ததாரரின் ஆட்கள் வேறொன்று செய்தார்கள். ஒவ்வொரு வீட்டின் கேட்டுக்கும் ஏற்றாற்போல் பலகத்தை ஓரிடத்தில் உயர்த்தி, அடுத்த இடத்தில் தாழ்த்தி, தெரு முழுக்க ஒரு படிக்கட்டாகவே ஆக்கிவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டதைச் செய்து கொடுத்தது அவர்களுடைய நல்ல மனம்தான். நூல் பிடித்து ஒரே மட்டத்தில் போடுங்கள் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கான்கிரீட் இறுகிவிட்ட பிறகு அணுகல் தணிக்கை செய்து அறிக்கை எழுதுவதைவிட, கம்பி கட்டும் நாளில் ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்துவது பயன் தரும் என்பது என் கருத்து.

மின்சார ரயிலில் பொருள் விற்கும், பார்வையற்ற ஒருவர் எங்கள் பகுதியில் குடியிருக்கிறார். பலகத்தைச் சரிசெய்யும் பேச்சு வந்தபோது, விளிம்பில் செங்கல் வரிசை வைத்தால் தன் கம்புக்கும் அது வழிகாட்டும் என்றார். மெட்ரோ நிலையத்துக்குள் இருக்கும் மஞ்சள் வழித்தடத்தை அவர் நன்கு பயன்படுத்துகிறார்: நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். வெளி நடைபாதைகளில் அதே கற்களை அலங்காரமாக நினைத்துப் பதித்து, கோட்டை நேராக மின்கம்பத்தில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். அவருடைய பெரிய புகார் தரையைப் பற்றியதே அல்ல. கம்பு கீழே இருப்பதைச் சொல்லும், முக உயரத்தில் தொங்கும் கேபிள் வயரைச் சொல்லாது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் பந்தலுக்குத் தோண்டிய குழிகளை விழா முடிந்தபின் மூடாமல் விடுவது அடுத்த புகார். இரண்டுக்கும் அரசாணை தேவையில்லை; பந்தல் போட்ட பையன்களிடம் சொன்னால் மறுநாளே மண் கொட்டுகிறார்கள்.

அரசு அண்மையில் எடுத்துவரும் இன்னொரு வழி, சேவையை வீட்டுக்கே கொண்டுவருவது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வாசலுக்கு வருகிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்க முடிந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இவை பெரும் உதவி. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா வாக்குச்சாவடிக்குத்தான் போவேன் என்றார். ரேஷன் கடை வரிசையில்தான் தெருவின் செய்திகள் கிடைக்கும் என்பதும் அவர் வாதம். வீட்டுக்கு எல்லாம் வந்துவிடுகிறது என்பதே வாசலைச் சரிசெய்யாமல் விடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

2025 ஏப்ரலில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் சட்டத்திருத்தங்கள் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறின. நல்ல சட்டம். ஆயினும் 200 வார்டுகள் உள்ள மாநகராட்சியில் நியமன உறுப்பினர்கள் சிலர் மட்டுமே இருக்க முடியும். ஒவ்வொரு வடிகாலுக்கும் அவர்களால் வந்து நிற்க இயலாது. வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடித் தங்கள் தேவைகளைப் பேச 2022 நவம்பரில் தொடங்கிய பகுதி சபைக் கூட்டங்கள் எங்கள் அளவுக்குப் பொருத்தமான இடம். வடிகால் மாநகராட்சியுடையது, பில்லர் பாக்ஸ் மின்வாரியத்துடையது, பாதாளச் சாக்கடை மூடி குடிநீர் வாரியத்துடையது. மூன்றும் ஒரே பலகத்தில் வந்து சேர்வதால், வேலை தொடங்கும் முன் மட்டம் குறித்த வரைபடத்தைத் தெருவாசிகளுக்குக் காட்ட வேண்டும், மட்டம் எடுக்கும் நாளை மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி அக்காவே பேசப்போகிறார். கூட்டம் வழக்கமாக நடக்கும் கூடத்துக்கு ஏழு படிகள் இருப்பதால், இந்த முறை மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில் நடத்தும்படி தனியாக ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறோம்.